சுண்ணாம்பு: ஒரு பெயர், மூன்று பொருள்கள்

துறைமுக இருப்புப் பாதையில் குர்லாவுக்கும் குரு தேக் பகதூர் நகருக்கும் இடையே நிற்கும் நிலையத்தின் பெயர் சுனாபட்டி. கோவில்பட்டி, உசிலம்பட்டி போல இதுவும் ஒரு பட்டி என்று எண்ணிக்கொண்டிருக்கும் நம்மவர் சிலர் உளர். மராத்தியில் ‘சுனா’ என்பது சுண்ணாம்பு. ‘பட்டி’ என்பது உலை. தமிழில் சொல்வதாயின் சுண்ணாம்புக் காளவாய். அதற்கும் பழைய சொல் நீற்றறை. திருநாவுக்கரசரைப் பல்லவ மன்னன் ஏழு நாள் நீற்றறையில் அடைத்து வைத்தான் என்று பெரியபுராணம் கூறும். அந்த அறையின் பெயரைத் தாங்கிய ஊரில்தான் நாம் நாள்தோறும் வண்டி ஏறி இறங்குகிறோம்.

இத்திங்கள் மாணவர் பகுதிக்கு இந்தப் பெயரையே எடுத்துக்கொண்டோம். தனிமம், சேர்மம், அணு என்னும் மூன்று சொற்களோடு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மல்லுக்கு நிற்கும் பருவம் இது. ‘ஸி-ஏ-ஸி-ஓ-த்ரீ’ என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கிறார்கள். அப்பொருள் பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் உள்ளதா, வெள்ளையடித்த சுவரில் உள்ளதா என்று கேட்டாலோ விழிக்கிறார்கள். அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. பெரியவர்களாகிய நாமும் மூன்று வெவ்வேறு பொருள்களை ஒரே பெயரால் ‘சுண்ணாம்பு’ என்று அழைத்தே காலம் தள்ளிவிட்டோம்.

முதற்பொருள் சுண்ணாம்புக் கல். கடற்கரைக் கிளிஞ்சல், சோழி, கோழிமுட்டை ஓடு ஆகியவற்றிலும் பெரும்பகுதி இதுவே. இரசாயன நூலார் இதனைக் கால்சியம் கார்பனேட் என்பர். இதனைக் காளவாயில் இட்டு ஏறக்குறைய 900 பாகை செல்சியசுக்குச் சுட்டால் இரண்டாம் பொருளாகிய சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். பார்வைக்கு இரண்டும் வெள்ளைக் கட்டிகளே. ஆயினும் கையில் எடுத்தால் சுட்டது இலேசாக இருக்கும்.

எவ்வளவு இலேசு என்பதில்தான் செய்தி இருக்கிறது. தூய சுண்ணாம்புக் கல் 100 கிலோவை முற்றச் சுட்டால் எஞ்சுவது 56 கிலோ. சரக்குப் பதிவேடு எழுதிப் பழகிய நமக்கு இத்தகைய கணக்கைக் கண்டால் பொறுக்காது. ஏற்றிய எடை 100, இறங்கிய எடை 56 என்றால், மீதி 44 எங்கே என்று தெரியாமல் பதிவேட்டை மூடலாகாது. திருடியவர் யாருமிலர். அந்த 44 கிலோவும் கரியமில வாயுவாகப் புகைபோக்கி வழியே வெளியேறிவிட்டது. கண்ணுக்குத் தெரியாததாலேயே எத்தனையோ தலைமுறை மக்கள் அதனைக் கணக்கில் சேர்க்கவில்லை.

காளவாய்த் தீயிலிருந்து ஏதோ ஒரு நெருப்புப் பொருளைக் கல் உட்கொள்கிறது, ஆகையினால்தான் சுட்ட சுண்ணாம்பு தொட்டால் எரிகிறது என்று ஐரோப்பிய அறிஞர்கள் நெடுங்காலம் நம்பினர். ஸ்காத்லாந்து நாட்டு ஜோசப் பிளாக் என்னும் மருத்துவர் தராசைக் கையில் எடுத்தார். கல் எதனையும் பெறவில்லை, ஒரு வாயுவை இழக்கிறது என்று 1756இல் வெளியான கட்டுரையில் எடுத்துக்காட்டினார். நுண்ணறிவு வாய்ந்தோர் பலர் வாதிட்டுத் தீர்க்க முடியாததை ஒரு தராசு தீர்த்து வைத்தது. நம் நாட்டில் கணாதர் அணுவைப் பற்றி முன்பே கூறிவிட்டார் என்று மேடைதோறும் பெருமை பேசுவோர்க்கு ஒரு சொல். எண்ணம் பழையதே, பெருமையும் உரியதே; ஆனால் அணுவைத் தராசுக் கணக்கோடு பிணைத்த பின்னரே இரசாயனம் ஒரு விஞ்ஞானமாயிற்று.

சரி, 56 கிலோ சுட்ட சுண்ணாம்பை மேலும் சுட்டால் இன்னும் பிரியுமா? எவ்வளவு எரித்தாலும் காளவாய்த் தீயினால் அது பிரியாது. ஆகவே அது பகுக்க முடியாத முதற்பொருளாகவே பலருக்குத் தோன்றிற்று. லாவோசியே என்னும் பிரெஞ்சு மேதை 1789இல் தாம் வெளியிட்ட தனிமப் பட்டியலில் சுண்ணாம்பையும் சேர்த்தார். அது ஏதோ ஓர் உலோகம் ஆக்சிஜனுடன் கூடியதாக இருக்கலாம் என்ற ஐயமும் அவருக்கே இருந்தது. 1808இல் இலண்டனில் ஹம்ப்ரி டேவி மின்சாரத்தைச் செலுத்தி அதனைப் பிரித்தார். உள்ளிருந்து வெளிப்பட்டது வெள்ளியை ஒத்த ஓர் உலோகம். சுண்ணாம்பைக் குறிக்கும் ‘கால்க்ஸ்’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்குக் கால்சியம் என்று பெயரிட்டார்.

மாணவர்கள் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். தனிமம் எனப்படுவது (நம் தந்தையர் படித்த நூல்களில் ‘மூலகம்’) இரசாயன முறைகளால் வேறு பொருள்களாகப் பிரிக்க முடியாதது. கால்சியம் தனிமம், கார்பன் தனிமம், ஆக்சிஜன் தனிமம். இன்று அறியப்பட்டவை 118. சேர்மம் என்பது தனிமங்கள் ஒரு குறிப்பிட்ட எடை விகிதத்தில் கூடியது. கலவைக்கு அத்தகைய கட்டுப்பாடு இல்லை. கொத்தனார் சுண்ணாம்போடு மணலை இரண்டு பங்கு சேர்த்தாலும் மூன்று பங்கு சேர்த்தாலும் அது சாந்துதான். ஆனால் தூத்துக்குடிக் கிளிஞ்சலானாலும், தாழையூத்துச் சுண்ணாம்புக் கல்லானாலும் (1949 முதல் அங்கே சிமெண்டு ஆக்கப்படுவது அக்கல்லைக் கொண்டுதான்) அவற்றிலுள்ள தூய கால்சியம் கார்பனேட்டில் நூற்றுக்கு நாற்பது பங்கு கால்சியம், பன்னிரண்டு பங்கு கார்பன், நாற்பத்தெட்டுப் பங்கு ஆக்சிஜன். ஊர் மாறினாலும் விகிதம் மாறாது.

ஏன் மாறாது? இதற்கு விடை கூறியவர் ஜான் டால்ட்டன். டேவி கால்சியத்தைப் பிரித்த அதே 1808இல் அவருடைய நூலின் முதற்பகுதி வெளிவந்தது. ஒவ்வொரு தனிமத்தின் அணுவுக்கும் உரிய எடை உண்டு, அணுக்கள் முழு எண்ணிக்கையில்தான் கூடும் என்றார் அவர். ஹைட்ரஜன் அணுவின் எடையை 1 எனக் கொண்டால் கார்பன் 12, ஆக்சிஜன் 16, கால்சியம் 40 என்று இன்று கொள்கிறோம். கல்லின் ஓர் அலகில் கால்சியம் ஒன்று, கார்பன் ஒன்று, ஆக்சிஜன் மூன்று; கூட்டினால் 100. காளவாயில் ஒரு கார்பனும் இரண்டு ஆக்சிஜனும் சேர்ந்து வெளியேறுகின்றன. பன்னிரண்டும் முப்பத்திரண்டும் 44. எஞ்சுவது 56. பதிவேடு நேராகிவிட்டது. பிள்ளைகள் ஒப்பிக்கும் ‘த்ரீ’ என்பது இந்த மூன்று ஆக்சிஜனே.

காளவாய்த் தீ அணுக்களை இடம் மாற்றி வைக்குமேயன்றி ஓர் அணுவையும் அழிக்காது. கால்சியம் அணுவின் கருவில் 20 புரோட்டான்கள் உள்ளன; சுட்டாலும் நனைத்தாலும் அவை இருபதே. கருவையே பிளப்பது வேறு உலை. அதற்கும் நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. செம்பூருக்கு அப்பால் திராம்பேயில் 1956 ஆகஸ்ட் 4ஆம் நாள் அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கிற்று. அது 2009இல் நிறுத்தப்பெற்று, புதுப்பித்த உருவில் 2018இல் மீண்டும் இயங்கலாயிற்று. அங்கே யுரேனியத்தின் கரு பிளந்து வேறு தனிமங்களின் கருக்களாகிறது. சுண்ணாம்பு உலைக்கும் அணு உலைக்கும் உள்ள வேறுபாட்டைப் பெயரளவிலேனும் ஒரே வட்டாரத்தில் காணும் பேறு வேறெந்த ஊர் மாணவருக்கு உண்டு?

மூன்றாம் பொருளுக்கு வருவோம். பொங்கலுக்கு முன் ஊரில் வெள்ளையடித்ததைக் கண்டவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பெரிய பானையில் சுட்ட கிளிஞ்சலைப் போட்டுத் தண்ணீரை ஊற்றியதும் அடுப்பின்றியே கொதிக்கும். புகையென ஆவி எழும். பிள்ளைகளை எட்டி நிற்கச் சொல்வார்கள். 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு 18 கிலோ நீரைத் தன்னுள் வாங்கி 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பு ஆகிறது. இது கால்சியம் ஹைட்ராக்சைடு. வாங்கிய நீர் ஈரமாக நிற்கவில்லை, சேர்மத்தின் உறுப்பாகிவிட்டது. வெளிப்பட்ட வெப்பம் அந்தச் சேர்க்கையில் பிறந்தது.

பிறகு சுவரில் பூசுகிறோம். ‘காய்ந்துவிட்டது’ என்கிறோம். காய்தல் பாதிக் கதைதான். பூசிய நீற்றுச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறுகச் சிறுக ஏற்று நீரை விடுகிறது. 74 கிலோவுக்கு வேண்டிய வாயு 44 கிலோ. வெளியேறும் நீர் 18 கிலோ. சுவரில் நிற்பது 100 கிலோ கால்சியம் கார்பனேட்! காளவாய்க்குள் சென்ற அதே கல், அதே எடையில், சுவராகத் திரும்பி வந்துவிட்டது. காற்றில் அவ்வாயு பத்தாயிரத்தில் ஏறக்குறைய நான்கு பங்கே உள்ளதால் தடித்த பூச்சு உள்வரை கல்லாக நெடுங்காலம் பிடிக்கும். கிளிஞ்சல் சுண்ணாம்பைக் குழைத்து, தேய்த்துத் தேய்த்துப் பளிங்கென மெருகேற்றிய சென்னைப் பூச்சை வெள்ளைக்காரர்கள் ‘மதராஸ் சுனம்’ என்று பெயரிட்டு வியந்தார்கள். அது நம் கொத்தனார்களின் இரசாயனம்.

இதனை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு கிளிஞ்சலையோ சோழியையோ பொடித்து அதன்மீது எலுமிச்சைச் சாற்றை விடுக. குமிழிகள் பொங்கும், அவை காளவாயில் வெளியேறிய அதே கரியமில வாயு. பாட்டியின் சுண்ணாம்புக் கரண்டகத்தின் விளிம்பில் காய்ந்து இறுகிய பொருக்கைப் பெரியவர் ஒருவர் சுரண்டி எடுத்துச் சாறு விட்டால் அதுவும் பொங்கும். ஏனெனில் அது காற்றை உண்டு கல்லாகிவிட்டது. பள்ளியில் எழுதும் சாக்குக் கட்டியில் முயன்று ஒன்றும் பொங்கவில்லையெனில் வியப்புற வேண்டா. இந்நாளில் அது பெரும்பாலும் ஜிப்சத்தால் ஆனது. ஜிப்சம் கால்சியம் சல்பேட்டு; அதில் கார்பன் இல்லை.

கரண்டகத்தின் உள்ளே பசையாக இருப்பதோ நீற்றுச் சுண்ணாம்பு. இதன் ஆற்றலைத் தாராவித் தமிழர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் அங்கே தோல் பதனிடும் சாலைகள் இருந்தன; திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோர் பலர் அவற்றில் உழைத்தனர். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்தே மயிரை உதிர்த்தார்கள். இது கடுங்காரம்; மயிரின் புரதத்தைச் சிதைக்கும், கொழுப்பைச் சோப்பாக்கும்.

மாட்டுத் தோலில் மயிரை உதிர்க்க வல்ல பொருள் குழந்தையின் கண்ணில் என்ன செய்யும்? இதனைச் சொல்லவே இவ்வளவும் எழுத நேர்ந்தது. புகையிலையோடு சேர்க்கும் சுண்ணாம்புப் பசை சிறு பிளாஸ்டிக் பைகளில் கடைதோறும் தொங்குகிறது. குழந்தைகள் அதனை விளையாட்டாகப் பிதுக்குகிறார்கள். பை வெடித்துப் பசை கண்ணில் தெறிக்கிறது. இவ்வாறு பார்வையிழந்த குழந்தைகளைப் பற்றி நம் நாட்டுக் கண் மருத்துவர்கள் பலமுறை எழுதியிருக்கிறார்கள். அமிலம் பட்டால் கண்ணின் மேற்பகுதிப் புரதம் உறைந்து ஓரளவு தடுப்பாக நிற்கும். காரம் அவ்வாறு நிற்பதில்லை, உட்புகுந்துகொண்டே செல்லும்.

அந்நேரத்தில் வீட்டில் எழும் வாக்குவாதத்தை நாம் கேட்டிருக்கிறோம். ‘சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதிக்குமே, கண் வெந்துவிடாதா?’ என்று ஒருவர் தடுப்பார். அவர் கூறுவது சுட்ட சுண்ணாம்பைப் பற்றி. பையில் உள்ளதோ ஏற்கெனவே நீற்றியது. அதன் வெப்பம் என்றோ வெளியேறிவிட்டது. நீர் ஊற்றினால் அது நீர்த்துக் கழுவப்படுமேயன்றிக் கொதிக்காது. ஆகவே ஒரு நொடியும் தாழாமல், இமைகளை விரித்துப் பிடித்துக்கொண்டு, தூய நீரை அரை மணி நேரமேனும் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தெரியும் துணுக்குகளை நனைத்த தூய துணியால் எடுத்துவிட வேண்டும். கண்ணைத் தேய்க்கலாகாது. பால், நெய், விளக்கெண்ணெய் எதனையும் விடலாகாது. காரத்தை அமிலம் முறிக்கும் என்று பள்ளியில் படித்ததை நினைத்து எலுமிச்சைச் சாற்றை விடுவது பெருங்கேடு. கழுவிய கையோடு கண் மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். இமைக்கு அடியில் ஒட்டிய துணுக்கை அவரே எடுக்க முடியும். எரிச்சல் தணிந்தது என்று வீட்டில் இருந்துவிடலாகாது.

கட்டட வேலை செய்யும் அன்பர்களுக்கு ஒரு வேறுபாடு. உடம்பில் உலர்ந்த சுட்ட சுண்ணாம்புத் தூள் படிந்தால் முதலில் அதனைத் தட்டி உதறிவிட்டு, பிறகே நிறைய நீரால் கழுவ வேண்டும். சிறிதளவு நீர் பட்டால் அங்கேதான் அது கொதிக்கும். கண்ணில் விழுந்தாலோ, எந்தச் சுண்ணாம்பாயினும், நீரைத் தாராளமாக ஊற்றுவதே வழி.

வரும் திங்கள் வடாலா உப்பளங்களைத் துணைக்கொண்டு உப்பைப் பற்றி எழுதுவோம். அதற்குள் மாணவர்கள் ஒரு கணக்கைச் செய்து வைக்கலாம்: 250 கிலோ தூய சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு, கிடைத்ததை முழுவதும் நீற்றினால், பானையில் எத்தனை கிலோ நீற்றுச் சுண்ணாம்பு இருக்கும்?