கேமராவின் பின்னே நிற்போம்!

தோழியரே! நம் வீடுகளில் திருமணமோ, புதுநன்மை விழாவோ, புதுமனை புகுவிழாவோ நடைபெறும்போது அதை வீடியோ எடுப்பவர் யார் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். பட்டாடை உடுத்திப் பூச்சூடிக் கேமராவின் முன்னே நிற்பவர்கள் பெண்கள். கேமராவின் பின்னே நின்று, “கொஞ்சம் சிரியுங்க, இந்தப் பக்கம் பாருங்க” என்று சொல்பவர் பெரும்பாலும் ஓர் ஆண். பார்க்கப்படுவதே பெண்ணின் வேலை, பார்ப்பது ஆணின் வேலை என்பது எழுதாச் சட்டம்போல் நமக்குப் பழகிவிட்டது. இந்த வழக்கம் மாற வேண்டும் என்பதே என் கருத்து. இக்கருத்து எந்த நூலையும் படித்து எனக்கு வந்ததன்று. சென்ற கோடை விடுமுறையில் ஓர் எச்.டி. கேம்கார்டரைக் கையிலேந்திப் பழகியதால் வந்தது.

கப்பலில் பணியாற்றும் என் தாய்மாமா சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கருவி அது. கைப்பேசியே போதும் என்று அவர் அதனை ஒதுக்கி வைத்துவிட்டதால் என் கைக்கு வந்து சேர்ந்தது. உள்ளங்கையில் அடங்கும் உருவம். பக்கவாட்டில் தோல் வார் ஒன்று உண்டு. அதற்குள் நான்கு விரல்களையும் நுழைத்துக் கொண்டால், கட்டை விரல் தானாகவே பதிவுப் பொத்தானின் மீது போய் அமர்கிறது. புத்தகத்தின் அட்டையைத் திறப்பதுபோல் சிறு திரையைத் திறந்தவுடன் கருவி விழித்துக் கொள்கிறது!

இச்சிறு கருவிக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. 1895ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் மக்களுக்குக் காட்டிய படங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிமிடம்கூட ஓடவில்லை. கையால் பிடியைச் சுழற்றித்தான் அவற்றைப் படம் பிடித்தார்கள். 1983ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் கேமராவையும் நாடாப் பதிவுக் கருவியையும் ஒரே உடலில் இணைத்து வீட்டு உபயோகத்திற்கென விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதைத் தோளில் சுமக்க வேண்டும். எடுத்ததை அதிலேயே போட்டுப் பார்க்கவும் முடியாது. 2003ஆம் ஆண்டில் ஜே.வி.சி. நிறுவனம் எச்.டி. துல்லியத்தை வீட்டுக் கேமராவுக்குக் கொண்டு வந்தது. தோளை விட்டு இறங்கி உள்ளங்கைக்கு வந்துவிட்ட கருவியை இனி ஆண்களின் தோள்வலிமைக்கு உரியது என்று யாரும் கூற இயலாதல்லவா?

எச்.டி. என்றால் என்ன என்று தங்கைமார் கேட்கலாம். திரையில் நாம் காணும் படம் கோலத்தைப் போன்றது, புள்ளிகளால் ஆனது. நம் நாட்டில் பழைய முறை டிஜிட்டல் வீடியோவில் குறுக்கே 720 புள்ளிகளும் நெடுக்கே 576 புள்ளிகளும் இருந்தன. மொத்தம் 4,14,720. முழு எச்.டி. படத்திலோ குறுக்கே 1920, நெடுக்கே 1080. மொத்தம் 20,73,600. பெருக்கிப் பார்த்தால் சரியாக ஐந்து மடங்கு! ஐந்து புள்ளிக் கோலம் போட்ட இடத்தில் இருபத்தைந்து புள்ளிக் கோலம் போட்டால் எத்தனை நுணுக்கம் கூடும் என்று கோலமிடும் கைகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

முதல் நாள் எங்கள் வீட்டு முற்றத்து வேப்பமரத்தைப் படமெடுத்து, அதைத் தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்தேன். இலையின் ஓரத்துப் பற்கள் தெரிந்தன. கிளையில் ஊர்ந்த எறும்பு வரிசை தெரிந்தது. பதினைந்து ஆண்டுகளாக நான் நாள்தோறும் கண்ட மரம். ஆனால் அன்றுதான் அதைப் பார்த்தேன் என்று கூறின் மிகையாகாது. அதே நேரத்தில் கொடியில் காய்ந்த தம்பியின் சட்டையில் இருந்த ஒட்டும், சுவரின் காரை பெயர்ந்த இடமும் அதே தெளிவுடன் தெரிந்தன. துல்லியம் என்பது அழகை மட்டும் காட்டுவதன்று, உள்ளதையெல்லாம் காட்டுவது. ஆகவே எதைக் காட்டுவது, எதைக் காட்டாது விடுவது என்று முடிவு செய்யும் பொறுப்பு கருவிக்கு இல்லை, அதைப் பிடித்திருப்பவருக்கே உண்டு. இது என் முதற்பாடம்.

இரண்டாவது பாடம் ஒளியைப் பற்றியது. நம் கண் எந்த ஒளியிலும் வெள்ளையை வெள்ளையாகவே காண்கிறது, கேமரா அப்படியன்று. குண்டு பல்பின் ஒளியில் வெள்ளைச் சீருடை மஞ்சள் பூசியது போலாகிவிடும். நிழலில் நீலம் பாரித்துவிடும். ‘இதுதான் வெள்ளை’ என்று ஒரு வெள்ளைத் தாளைக் காட்டி அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். மாலை மங்கினால் படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றும். கண்ணாடி வில்லைக்குப் பின்னே ஒளியை வாங்கும் சில்லு விரல் நகத்தைவிடச் சிறியது. குறைந்த ஒளியில் அது திணறுவது இயல்பே. சன்னலோரத்துப் பகல் வெளிச்சத்தைவிட நல்ல விளக்கு எதுவும் இல்லை. அதற்குச் செலவும் இல்லை.

மூன்றாவது பாடம் ஓசையைப் பற்றியது. நாம் பேச்சைக் கேட்கும்போது மின்விசிறியின் ஓசையை நம் மனம் தானே ஒதுக்கிவிடுகிறது. கருவிக்கு மனம் இல்லை. விசிறி, தெருவில் போகும் லாரி, காற்று எல்லாவற்றையும் ஒன்றாகவே பதிவு செய்கிறது. படம் சற்று மங்கினால் பொறுத்துக் கொள்கிறோம். பேச்சுக் கேட்காவிட்டால் எழுந்து போய்விடுகிறோம். பேசுபவரின் அருகே செல்வதே இதற்கு வழி. வில்லையைக் கொண்டு படத்தைத்தான் அருகே இழுக்க முடியும். குரலை இழுக்க முடியாது.

நான்காவது பாடம் பொறுமை. அங்குமிங்கும் கேமராவை வீசிக்கொண்டே இருந்தால் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். ஒரு காட்சியை எடுத்தால் பத்து எண்ணும் வரை அசையாது நிற்க வேண்டும். இது கடினம் என்கிறார்கள். ஊசியில் நூல் கோத்து மணிக்கணக்கில் பூவேலை செய்யும் நமக்கா கடினம்? விடியலில் குனிந்து ஒரு புள்ளி பிசகாமல் கோலமிடும் கைகளுக்கா நடுக்கம்? கேமராவுக்கு வேண்டிய பொறுமை, நிதானம், உற்றுநோக்கும் கண் ஆகிய மூன்றையும் பெண்களுக்கு இளமை முதலே கற்றுக் கொடுத்துவிட்டு, கேமராவை மட்டும் அவர்கள் கையில் கொடுக்காமல் வைத்திருப்பது விந்தையே!

இவ்வளவும் கற்று ஆவதென்ன என்று கேட்பவர்களுக்கு என் ஆச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்கள் பனையோலைப் பெட்டிகளுக்குப் பெயர் பெற்ற மணப்பாட்டில் பிறந்தவர்கள். சிறுவயதில் கற்ற அக்கலையை இன்றும் மறக்கவில்லை. ஒருநாள் சன்னலோரம் அமர்ந்து பெட்டி முடைந்தவர்களைப் படமெடுக்கச் சென்றேன். என்னைக் கண்டதும், “ஏட்டி, எம் மூஞ்சிய எதுக்குப் பிடிக்க? கையப் பிடி. வேல கையிலதான இருக்கு!” என்றார்கள். எந்த ஒளிப்பதிவு ஆசிரியர் இதைவிடச் சிறப்பாகக் கற்பித்துவிட முடியும்? நான் விசிறியை நிறுத்திவிட்டு அருகே அமர்ந்து கையைப் படமெடுத்தேன். குருத்தோலையிலிருந்து ஈர்க்கை நீக்குவது, கத்தி நுனியால் ஒரே அகலத்தில் கிழிப்பது, அடிப்பாகத்தைப் பின்னி முடித்து நான்கு மூலைகளையும் மேலே திருப்புவது என்று ஒவ்வொன்றும் பதிவாகியது. ஓலையின் நரம்பும், ஆச்சியின் விரல் காய்ப்பும், ஓலை உரசும் மெல்லிய ஒலியும் அதில் உள்ளன. மூலை திருப்பும் இடம் எனக்குப் பலமுறை சொல்லியும் விளங்காதது. இப்போது அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துப் பழகி வருகிறேன்.

எண்ணிப் பாருங்கள்! வெளியிலிருந்து ஒரு வீடியோக்காரர் வந்திருந்தால் ஆச்சி முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போயிருப்பார்கள். அடுக்களையிலும் கொல்லையிலும் திண்ணையிலும் பெண்களின் கைகளில் எத்தனையோ கலைகள் உள்ளன. அங்கெல்லாம் கூச்சமின்றி நுழையக்கூடிய கேமரா மகளின் கேமராவும் பேத்தியின் கேமராவும்தாம். நாம் எடுக்காவிட்டால் அவை எடுக்கப்படா; எடுக்கப்படாமலே மறைந்துவிடும்.

பள்ளி விழாக்களுக்கும் இதையே கூறுவேன். விழாவை எடுக்க வரும் வீடியோக்காரர் விருந்தினர் வருகையையும், பொன்னாடை போர்த்துவதையும், நடனங்களையும் அழகாக எடுத்துத் தருகிறார். அவர்மீது குறையில்லை. திரைச்சீலையின் கயிற்றைப் பிடித்து இரண்டு மணி நேரம் நின்றவள் யார், நடனமாடும் தோழிக்குக் கடைசி நொடியில் பொத்தான் தைத்துக் கொடுத்தவள் யார், விழா முடிந்தபின் கூடத்தைக் கூட்டிய ஆயாம்மா யார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது; நமக்குத் தெரியும். ஆகவே ஒன்பதாம் வகுப்பு மாணவியர் ஐவரைத் தேர்ந்து, அருட்சகோதரி ஒருவரின் மேற்பார்வையில், பள்ளி நிகழ்ச்சிகளை அவர்களே படமெடுக்கச் செய்யலாம் என்பது என் பணிவான வேண்டுகோள். வீடுகளில் பெட்டிக்குள் உறங்கும் பழைய கேமரா ஒன்றைப் பெற்றோர் எவரேனும் மனமுவந்து கொடுத்தாலே தொடங்கிவிடலாம்.

இதற்கு எழும் மறுப்புகளை நான் அறிவேன். “பத்தாம் வகுப்பில் இது எதற்கு? பொதுத்தேர்வு இருக்கிறதே” என்பது முதல் மறுப்பு. அதனால்தான் ஒன்பதாம் வகுப்பு என்றேன். விடுமுறை நாட்களும் இருக்கின்றன. இரண்டாவது மறுப்பு, “கைப்பேசி இருக்கும்போது கேம்கார்டர் எதற்கு?” என்பது. எச்.டி.யைப்போல் நான்கு மடங்கு புள்ளிகளுடன் படமெடுக்கும் கைப்பேசிகள் வந்துவிட்டன என்பது உண்மையே. ஆயினும் கைப்பேசி பத்து வேலை செய்யும் கருவி. படமெடுக்கும்போதே அழைப்பு வரும், செய்தி வரும். கேம்கார்டருக்கு ஒரே வேலை. அதைக் கையில் எடுத்தால் நமக்கும் ஒரே வேலை.

மூன்றாவது மறுப்பே கனமானது. பெண்பிள்ளைகளின் படம் தவறான கைகளுக்குப் போய்விடுமோ என்ற அச்சம் அது. பெற்றோரின் அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்த அச்சத்திற்கு மருந்து அறியாமையன்று, அறிவே. என்னிடமுள்ள கருவியில் எடுத்த படம் மெமரி கார்டில் தங்குகிறது. நாமாக எடுத்து அனுப்பினாலன்றி எங்கும் பறந்து போவதில்லை. கேட்காமல் யாரையும் எடுக்கலாகாது. ‘வேண்டாம்’ என்றால் அழித்துவிட வேண்டும். அழித்ததை அவருக்குக் காட்ட வேண்டும். இம்மூன்று விதிகளையும் நான் கைக்கொள்கிறேன். கேமராவைப் பிடிக்கத் தெரிந்த பெண்ணுக்குத்தான், தன்மீது திரும்பும் கேமராவைக் கண்டு, “யாரைக் கேட்டு எடுக்கிறீர்கள்?” என்று கேட்கும் துணிவும் வரும்.

நமக்கு முன்னோடிகளும் உண்டு. 1896ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் கேமரா நிறுவனம் ஒன்றில் செயலராக இருந்த ஆலிஸ் கீ என்ற இளம்பெண், தாமே ஒரு குறும்படம் எடுத்தார். தமிழில் டி.பி. ராஜலட்சுமி 1936ஆம் ஆண்டிலேயே ஒரு திரைப்படத்தை இயக்கினார். ஆசியாவின் முதல் பெண் ஒளிப்பதிவாளர் எனப் போற்றப்படும் பி.ஆர். விஜயலட்சுமி 1985ஆம் ஆண்டில் தமிழ்த் திரைப்படம் ஒன்றுக்கு ஒளிப்பதிவு செய்தார். கருவிகள் பெருத்துக் கனத்திருந்த காலத்திலேயே அவர்களால் இயன்றது, எல்லாம் கைக்குள் அடங்கிவிட்ட இக்காலத்தில் நம்மால் இயலாதா?

நாம் எல்லாரும் திரைத்துறைக்குப் போக வேண்டும் என்று நான் கூறவில்லை. மருத்துவராகவோ, ஆசிரியையாகவோ, செவிலியராகவோ, இல்லத்தரசியாகவோ எதுவாகவேனும் ஆகலாம். எங்கிருந்தாலும் நம் வீட்டையும் நம் மனிதர்களையும் நம் கண்ணாலேயே பார்த்துப் பதிவு செய்யக் கற்றிருப்போம். தோழியரே, இந்த விடுமுறையில் உங்கள் வீட்டு ஆச்சியிடம், அத்தையிடம், அம்மாவிடம் அனுமதி கேளுங்கள். விசிறியை நிறுத்துங்கள். சன்னலைத் திறந்து அருகே சென்று அமருங்கள். பிறகு பொத்தானை அழுத்திப் பத்து எண்ணும் வரை அசையாதிருங்கள்!

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி