கல்வி வியாபாரமும் பெற்றோர் பயமும்

திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் ஸ்ரீ ராமாநுஜர் பாடங்கேட்டார் என்பது பரம்பரைச் செய்தி. மாணவன் குருவைத் தேடிச் சென்ற ஊர் அது. இன்றோ கல்விக் கம்பெனியார் பெற்றோரின் வாயிலைத் தேடி வருகின்றனர். இம்மாறுதலை நாம் வெறுக்கவில்லை. விற்கப்படுவது பாடமா, பெற்றோரின் பயமா என்பதே நமது கேள்வி.

2011-இல் ஆரம்பமான பைஜூஸ் கம்பெனியின் சரித்திரம் இதற்குத் தக்க சான்றாகும். 2019-இல் இந்தியக் கிரிக்கெட் வீரரின் சட்டையில் அதன் பெயர் ஏறிற்று. மறுவருஷம் அது விலைக்கு வாங்கிய ஒயிட்ஹாட் ஜூனியரின் விளம்பரங்கள் சிலவற்றை நிறுத்துமாறு விளம்பரத் தரநிர்ணயக் கவுன்சில் கேட்க நேர்ந்தது. பெற்றோரை வற்புறுத்தி விற்பதாகவும், கடன் ஒப்பந்தங்களில் மாட்டிவிடுவதாகவும் எழுந்த புகார்களின்பேரில், 2022 டிசம்பரில் குழந்தைகள் உரிமைத் தேசியக் கமிஷன் தலைமை அதிகாரிக்கு அழைப்பாணை அனுப்பிற்று. அவ்வாண்டில் 2,200 கோடி டாலர் பெறும் என மதிக்கப்பட்ட கம்பெனி! 2024 ஜூலையில், கிரிக்கெட் போர்டுக்குச் சேரவேண்டிய 158 கோடி ரூபாய் பாக்கிக்காக அதன்மீது திவால் நடவடிக்கை ஏற்கப்பட்டது. ஆடம்பர விளம்பரத்தின் கடனே அதனைக் கோர்ட்டுக்கு இழுத்தது.

2024 நவம்பரில் மத்திய சர்க்கார் பயிற்சி நிலைய விளம்பரங்களுக்கு விதிகள் வகுத்தனர். நல்லதே, எனினும் அவை 50 மாணவருக்கு மேற்பட்ட நிலையங்களையே கட்டும். தறிக் கூலியில் தவணை கட்டும் நெசவாளிக்குக் கடன் பத்திரம் தமிழில் தரப்படவேண்டும். கையெழுத்திட்டபின் மனம் மாறினால் விலகச் சில தினங்களேனும் அவகாசம் வேண்டும். இவ்விரண்டையும் சட்டமாக்கச் சர்க்காரை வற்புறுத்துவோம். அதுவரை, படித்த தொண்டர்கள் அப்பத்திரங்களை வாசித்து விளக்க முன்வருவார்களாக.