வெளுத்ததெல்லாம் தூய்மை அல்ல

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்களைப் பார்த்து நம் ஊரில் சிரிப்பார்கள். ஆனால் வெளுத்ததெல்லாம் தூய்மை என்று நம்புகிறவர்களைப் பார்த்து எவரும் சிரிப்பதில்லை. ஏனெனில் நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் நம்புகிறோம். சோப்புப் போட்டு அலசிக் கொடியில் உலர்த்திய பொருள் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்தால் போதும், அது தூய்மையாகிவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம். வேட்டிக்கும் தலையணை உறைக்கும் அது போதும். மருத்துவமனையில் பயன்படும் ரப்பர் கையுறைக்குப் போதாது.

ஒரு கையுறை ஒரு முறைக்கே, ஒரு நோயாளிக்கே என்பது என் உறுதியான கருத்து. "ஒரு தடவை போட்டுவிட்டு எறிவதா? எவ்வளவு வீண்!" என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு அந்தக் கையுறை பிறக்கும் கதையையே பதிலாகச் சொல்லலாம்.

நம் பிரம்மதேசத்துப் பக்கம் நெல் விளையும், கரும்பு விளையும், மணிலா விளையும், ரப்பர் விளையாது. தமிழ்நாட்டில் ரப்பர் தோட்டங்களைக் காணக் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத்தான் செல்ல வேண்டும். அங்கே 1984-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அரசு ரப்பர் கழகம் தோட்டங்களை நடத்தி வருகிறது. இம்மரத்தின் தாயகம் தென் அமெரிக்கா. 1876-இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டு வந்தார். அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் மலேயாவுக்கும் சென்றன. மலேயாத் தோட்டங்களில் பால் வெட்டி அந்நாட்டை வளப்படுத்தியவர்களில் பெருந்தொகையினர் நம் தமிழ் மக்கள் என்பதையும் நாம் மறக்கலாகாது.

பொழுது புலரும் முன்பே பால்வெட்டும் தொழிலாளர் தோட்டத்துக்குள் இறங்கிவிடுவார்கள். வெயில் ஏறினால் பால் சுரப்பது குறைந்துவிடும். பட்டையைச் சாய்வாக மெல்லச் சீவினால் வெண்மையான பால் வடிந்து சிரட்டையில் சேரும். அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே ரப்பர். மீதி பெரும்பாலும் நீர். பால் உறைந்துவிடாதபடி அம்மோனியா சேர்ப்பார்கள். தயிர் கடைந்து வெண்ணெய் எடுப்பதைப் போல, வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் இட்டு நீரைப் பிரித்தால், 60 சதவீதம் ரப்பர் உள்ள கெட்டிப் பால் கிடைக்கும். இதுவே கையுறையின் மூலப்பொருள்.

இந்தப் பாலை அப்படியே காய வைத்தால் வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பருக்கு உறுதியும் நெகிழ்ச்சியும் வரும் என்பதை 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். வல்கனைசேஷன் என்பது இதன் பெயர். ஆகவே கெட்டிப் பாலில் கந்தகம், துத்தநாக ஆக்சைடு, வினையை விரைவுபடுத்தும் பொருள்கள், ரப்பர் விரைவில் கெடாமல் காக்கும் பொருள்கள் ஆகியவற்றைக் கலக்கிறார்கள்.

அடுத்து வருவது பீங்கான் கைகள்! மனிதக் கையின் வடிவில் செய்த நூற்றுக்கணக்கான பீங்கான் அச்சுகள் சங்கிலியில் வரிசையாக நகர்ந்து செல்லும். அவற்றை நன்றாகக் கழுவி, கால்சியம் நைட்ரேட் கரைசலில் முக்கி உலர்த்துவர். பிறகு ரப்பர் பாலில் முக்குவர். கால்சியம் பட்ட இடத்தில் பால் உறைந்து மெல்லிய தோலாகப் படியும். வெந்நீரில் அலசும்போது, ரப்பர் பாலில் இயற்கையாக உள்ள புரதங்களிலும் மிஞ்சிய இரசாயனங்களிலும் பெரும்பகுதி நீங்கும். சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்குபவை இந்தப் புரதங்களே. ஆதலால் இந்த அலசலை அவசரத்தில் குறைத்துவிடும் தொழிற்சாலை, முன்பின் அறியாத ஒரு செவிலியின் உடலுக்குத் தீங்கு செய்கிறது. அலசிய பின் மணிக்கட்டுப் பகுதியின் விளிம்பைச் சுருட்டி, சூடான அடுப்பறை வழியே செலுத்தி, உறுதியானதும் அச்சிலிருந்து உரித்தெடுப்பர்.

முற்காலத்தில் கையுறை எளிதாக நுழைய மாவு தூவினார்கள். அந்தத் தூள் உடலுக்குள் விழுந்தால் புண்ணையும் ஒட்டுதலையும் உண்டாக்கும். காற்றில் பறந்து ஒவ்வாமையையும் பரப்பும். எனவே 2017-இல் அமெரிக்க நாடு மாவு தூவிய மருத்துவக் கையுறைகளைத் தடை செய்தது. இப்போது குளோரின் கொண்டு பதப்படுத்தியோ, உள்ளே வழவழப்பான பூச்சு ஒன்றைப் பூசியோ மாவில்லாமலே செய்கிறார்கள்.

இவ்வளவும் முடிந்த பின்னரே சோதனை. மாதிரிக்கு எடுத்த கையுறைகளில் 1000 மில்லி லிட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, 2 நிமிடம் கசிகிறதா என்று பார்ப்பார்கள். பின்னர் இடக்கைக்கும் வலக்கைக்குமாக இணை சேர்த்து உறையிலிட்டு ஒட்டுகிறார்கள். ஒட்டிய உறையை மீண்டும் திறக்காமலே காமா கதிர்களாலோ எத்திலீன் ஆக்சைடு வாயுவாலோ கிருமிகளை அழிக்கிறார்கள். நம் நாட்டில் மருத்துவப் பொருள்களைக் காமா கதிரால் தூய்மையாக்கும் ஐசோமெட் நிலையம் 1974-இல் மும்பை டிராம்பேயில் தொடங்கப்பெற்றது. ஒரு பொருளில் உயிருள்ள கிருமி ஒன்று எஞ்சியிருக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கு மேல் போகலாகாது என்பதே இத்தகைய பொருள்களுக்குரிய அளவுகோல்.

தோழியரே, இப்போது எண்ணிப் பாருங்கள். அந்தப் பத்து லட்சத்தில் ஒன்று என்னும் தூய்மை, நம் வீட்டு வாளியிலும் சோப்பிலும் கிடைக்குமா? உறையைப் பிரித்த கணத்திலிருந்து அந்த உறுதி கரையத் தொடங்கிவிடுகிறது. பயன்படுத்தியதைக் கழுவினால் கண்ணுக்குத் தெரியும் அழுக்கு போகலாம். கிருமிகள் அத்தனையும் போகா. தேய்ப்பதாலும் கிருமிநாசினி படுவதாலும் மெல்லிய ரப்பரில் ஊசிமுனையிலும் சிறிய துளைகள் விழலாம். எண்ணெய் பட்டால் ரப்பர் உப்பி வலுவிழக்கும். இவையெல்லாம் நேர்ந்த பின்பும் கையுறை வெள்ளையாகவே இருக்கும் என்பதுதான் பெரிய ஆபத்து!

"அந்தக் காலத்தில் கையுறையைக் கழுவித்தானே போட்டோம்?" என்று ஓய்வு பெற்ற செவிலியர் கேட்கக் கூடும். அது உண்மையே. அக்காலக் கையுறைகள் தடிப்பானவை. திரும்பத் திரும்பப் பயன்படுத்தவே செய்யப்பட்டவை. அவற்றைக் கழுவி, ஓட்டை பார்த்து, ஒட்டுப் போட்டு, ஆட்டோகிளேவில் 121 டிகிரி வெப்பத்தில் நீராவியில் வைத்தார்கள். இன்றைய கையுறை ஒரே முறைக்கென்று மெல்லியதாகச் செய்யப்படுவது. பழைய வழக்கத்தைப் புதிய பொருளின் மேல் ஏற்றுவது முறையன்று.

கையுறையின் வரலாறும் நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. 1889-ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கரோலின் ஹாம்ப்டன் என்ற செவிலியின் கைகள் கிருமிநாசினியால் வெந்து புண்ணாயின. அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் அவருக்காக மெல்லிய ரப்பர் கையுறைகளைச் செய்வித்தார். அவை முதலில் காத்தது செவிலியைத்தான். மற்றவர்களும் அணியத் தொடங்கிய பிறகே, நோயாளிகளின் புண் சீழ் பிடிப்பது வெகுவாகக் குறைந்தது தெரிய வந்தது. அதே மருத்துவமனையின் டாக்டர் ஜோசப் பிளட்குட் 1899-இல் இதைக் கணக்கோடு எடுத்துக் காட்டினார். அணிபவரையும் நோயாளியையும் ஒருசேரக் காப்பதே கையுறையின் பணி. கழுவிய கையுறை இருவரையுமே ஏமாற்றிவிடும்.

அப்படியானால் ஏழை நாட்டில் சிக்கனமே வேண்டாமா? கட்டாயம் வேண்டும். எண்ணெய் வந்த டப்பாவில் பருப்பு போட்டு வைக்கும் நம் தாய்மாரின் சிக்கனம் போற்றத்தக்கது. ஆனால் இங்கே சிக்கனத்தைக் காட்ட வேண்டிய இடம் வேறு. அறுவைக்குக் கிருமி நீக்கிய கையுறை. இரத்தமும் சீழும் படக்கூடிய மற்ற வேலைகளுக்குச் சாதாரணப் பரிசோதனைக் கையுறை. காய்ச்சல் பார்க்கவும், நாடி பிடிக்கவும், இரத்த அழுத்தம் அளக்கவும் பொதுவாகக் கையுறையே தேவையில்லை; கழுவிய கைகள் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தேவையில்லாத இடத்தில் அணியாமல் இருப்பது நல்ல சிக்கனம். தேவையான இடத்தில் பழையதை அணிவது உயிரோடு விளையாடுவது.

எறிவதிலும் பொறுப்பு வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி கையுறைகள் சிவப்புப் பையில் சேர வேண்டும். கிருமி நீக்கியபின் துண்டாக்கப்பட வேண்டும். துண்டாக்கச் சொல்வதன் காரணம் வெளிப்படை: முழுதாகக் குப்பைக்குப் போன கையுறை, கழுவப்பட்டுக் கடைக்குத் திரும்பி வரக்கூடும். கொரோனாக் காலத்தில், 2020-இல், நவி மும்பையில் அப்படிக் கழுவி விற்க வைத்திருந்த கையுறைகளைப் போலீசார் கைப்பற்றினர். அவையும் வெள்ளை வெளேரென்றுதான் இருந்திருக்கும்!

நம் பள்ளியிலிருந்து ஆண்டுதோறும் செவிலியர் பயிற்சிக்குச் செல்வோர் இருக்கிறார்கள். முண்டியம்பாக்கத்தில் 2010-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியிலோ, புதுவை ஜிப்மரிலோ அவர்கள் ஒருநாள் பணி புரியலாம். அவர்களுக்கும், வீட்டில் நோயுற்ற பெரியோரின் புண்ணைக் கழுவிக் கட்டும் பெற்றோர்க்கும் நான் வேண்டுவது இதுதான். அணியுமுன் கையைக் கழுவுங்கள். புதிய கையுறையிலும் துளை இருக்கலாம். கிழிந்தால் தயங்காமல் மாற்றுங்கள். ஒருவரைத் தொட்ட கையுறையோடு மற்றவரைத் தொடாதீர்கள். கழற்றும்போது உட்புறம் வெளியே வரும்படி உரித்து எடுங்கள். வீட்டில் பயன்படுத்தியதைக் கத்தரியால் வெட்டித் தாளில் சுற்றிப் போடுங்கள். பின்பு மீண்டும் ஒருமுறை சோப்பால் கையைக் கழுவுங்கள். கொடியில் காய வேண்டியது துணி, கையுறை அன்று.