பம்பின் மேல் விழும் பழி

பழைய அம்பாசிடரோ பத்மினியோ வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடும் இடத்தில், அதுவும் கோடையில், இந்த யோசனை வராமல் இருக்காது: “அந்த மெக்கானிக்கல் பம்பைக் கழற்றிப் போட்டுட்டு எலக்ட்ரிக் பம்பு மாட்டிடுங்க சார், எல்லாத் தொல்லையும் போயிடும்.” காரணங்களும் கூடவே வரும். ஏர் லாக் ஆகாது, பிக்கப் கூடும், இப்போது வரும் பெட்ரோலைப் பழைய பம்பு தாங்காது, எலக்ட்ரிக் என்றால் நடுரோட்டில் காலை வாராது, நாள்பட நின்ற வண்டியும் சட்டென்று கிளம்பும். இதில் கடைசிக் காரணத்தைத் தவிர எதுவும் சோதித்தால் நிற்காது. வண்டியின் ஒரிஜினல் தன்மை கெட்டுவிடும் என்று நான் புலம்பப் போவதில்லை. கழற்றிய பம்பை எப்போது வேண்டுமானாலும் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். வண்டி ஓடுவதைப் பற்றி மட்டுமே பேச்சு.

ஏர் லாக்கிலிருந்து தொடங்குவோம், எல்லோரும் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் பம்பு இன்ஜினின் பக்கவாட்டில் இருக்கும். கேம்ஷாஃப்ட் சுற்றும்போது பம்பின் கையை அசைக்கும், டயாஃப்ரம் கீழே இறங்கி, பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். பானெட்டுக்குள் அடிக்கும் சூட்டில் பெட்ரோல் அங்கேயே ஆவியாகிவிடும், பம்பு ஆவியை இழுத்து இழுத்து ஓய்ந்துபோகும். பம்பின் மேல் ஈரத்துணி போட்டு ஊர் வந்து சேர்ந்த கதைகளுக்கு இதுதான் அடிப்படை.

ஆகவே பம்பை டேங்குக்குப் பக்கத்தில், டேங்கைவிடத் தாழ்வாக வைத்து, அங்கிருந்து பெட்ரோலைத் தள்ளினால் குழாய் முழுக்க அழுத்தம் இருக்கும், ஆவியாவது குறையும். இந்த அளவில் எலக்ட்ரிக் பம்பு கட்சிக்காரர்கள் சொல்வது சரி. ஆனால் நடப்பது வேறு. வயர் இழுக்கும் வேலை மிச்சம் என்று பம்பை பானெட்டுக்குள், கார்புரேட்டருக்கு ஒரு முழம் தள்ளி மாட்டிவிடுகிறார்கள். இந்தச் சின்னப் பம்புகள் தள்ளுவதில் கெட்டி, உறிஞ்சுவதில் சோப்ளாங்கி. பழைய குழாய் அதே சூட்டில் அதே உறிஞ்சலில் கிடக்கிறது, வியாதி அப்படியே இருக்கிறது. இன்ஜினை அணைத்த பிறகு கார்புரேட்டர் கிண்ணத்திலேயே பெட்ரோல் கொதித்து வழிகிறதே, அதற்குப் பம்பு எங்கே இருந்தாலும் பயனில்லை. கார்புரேட்டருக்கு அடியில் வைக்கும் தடித்த இன்சுலேட்டரும் ஹீட் ஷீல்டும்தான் அதற்கு மருந்து. இரண்டையும் என்றோ ஒரு மெக்கானிக் கழற்றி எறிந்திருப்பார்.

அதைவிட முக்கியம், ஏர் லாக் என்று பேர் வாங்கும் கோளாறுகளில் பல ஏர் லாக்கே அல்ல. டேங்க் மூடியில் காற்று உள்ளே போக ஒரு பொடித் துளை உண்டு. அது தூசியில் அடைத்துக்கொண்டால், பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, கொஞ்ச தூரம் ஓடியதும் வண்டி இழுக்காமல் நிற்கும். மூடியைத் திறந்தால் ‘புஸ்’ என்று சத்தம் வரும், வண்டியும் கிளம்பிவிடும். அடுத்தது ரப்பர் ஹோஸ். வெளியே பார்க்க நன்றாக இருக்கும், கிளிப் மாட்டிய இடத்தில் வளைத்துப் பார்த்தால் கீறல் தெரியும். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடிப்பதுபோல, பெட்ரோலைவிடக் காற்றுதான் அதிகம் வரும். உறிஞ்சும் பக்கம் என்பதால் ஒரு சொட்டுகூட வெளியே கசியாது, கண்ணில் படாது.

மூன்றாவது ஆசாமி டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் கண்டன்சர். சூடானால் படுத்துக்கொள்ளும், அரை மணி ஆறினால் எழுந்துகொள்ளும். ஏர் லாக்கும் அதேபோல்தான் நடந்துகொள்ளும் என்பதால் பழி பம்பின் மேல் விழுகிறது. வண்டி நின்ற உடனே, சூடு ஆறுவதற்கு முன், ஒரு பிளக்கைக் கழற்றி, பெட்ரோல் வாடை இல்லாத இடமாகப் பார்த்து ஸ்பார்க் வருகிறதா என்று பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். பார்ப்பவர்கள் குறைவு.

பிக்கப் கூடும் என்பது சுத்தக் கற்பனை. பம்பின் வேலை கார்புரேட்டர் கிண்ணத்தை நிரப்பி வைப்பதோடு முடிந்தது. இன்ஜின் எவ்வளவு குடிக்க வேண்டும் என்பதை ஜெட்டும் த்ராட்டிலும் தீர்மானிக்கின்றன. அம்பாசிடரின் 1489 சிசி இன்ஜின் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுக்கிறது, 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டாலும் மணிக்கு 8 லிட்டர்தான் செலவு. டயாஃப்ரம் நன்றாக இருக்கும் பழைய பம்பு இதைச் சிரமமில்லாமல் கொடுக்கும். கூடுதலாக வருவது ஆபத்து மட்டுமே. கார்புரேட்டருக்குத் தேவை சுமார் 2 முதல் 4 பிஎஸ்ஐ அழுத்தம். இன்ஜெக்‌ஷன் வண்டிகளின் பம்போ 40 பிஎஸ்ஐக்கு மேல் தள்ளும். கையில் கிடைத்தது என்று அதைக் கொண்டுவந்து மாட்டினால், ஃப்ளோட்டும் நீடில் வால்வும் அந்த அழுத்தத்தைத் தடுக்க முடியாமல் பெட்ரோல் பொங்கி வழியும். அம்பாசிடரில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் இன்ஜினின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. வழிகிற பெட்ரோல் எதன் மேல் சொட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய டயாஃப்ரத்தைக் கெடுக்கும் என்பது உண்மைதான். அதே பெட்ரோல் ஹோஸையும் வாஷர்களையும் நீடில் நுனியையும் கெடுக்கும், மலிவு விலை எலக்ட்ரிக் பம்பின் உள்ளே இருக்கும் சீல்களையும் விடாது. எத்தனால் தாங்கும் விட்டான் ரப்பர் டயாஃப்ரம் கேட்டு வாங்கிப் போடுவதுதான் நேரான வழி.

எலக்ட்ரிக் பம்பு என்னவோ நேற்று வந்த நவீன சமாச்சாரம், அதனால் நம்பகமானது என்ற பேச்சு எனக்குச் சிரிப்பைத்தான் வரவழைக்கிறது. 1948-ல் வந்த மாரிஸ் மைனரிலேயே எஸ்யூ எலக்ட்ரிக் பம்பு இருந்தது. சாவியைத் திருப்பினால் டிக் டிக்கென்று அடித்து, கிண்ணம் நிரம்பியதும் அடங்கிவிடும். அதன் பாயிண்ட் கரிந்து ஒட்டிக்கொண்டால் ஸ்பானரால் ஒரு தட்டு தட்டி எழுப்பிய சொந்தக்காரர்கள் உலகம் முழுக்க உண்டு. இப்போதைய பம்புகளில் பாயிண்ட் இல்லை, ஆனால் ஃப்யூஸ், ரிலே, எர்த் இணைப்பு என்று கோளாறுக்கு வேறு வாசல்கள் உண்டு. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த் ஆகியிருக்கும். அதைக் கவனிக்காமல் வயர் கொடுத்தால் புதுப் பம்பு அன்றைக்கே பலி.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. மெக்கானிக்கல் பம்பு இன்ஜின் நின்ற கணமே நின்றுவிடும். எலக்ட்ரிக் பம்பு சாவி ஆனில் இருக்கும்வரை ஓடும். வண்டி எங்காவது மோதி, குழாய் அறுந்து, ஓட்டுநர் மயங்கிக் கிடந்தாலும் அது பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். மோதினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் இனர்ஷியா சுவிட்ச், ஆயில் பிரஷர் இல்லாவிட்டால் பம்பை நிறுத்தும் சுவிட்ச், இரண்டில் ஒன்றாவது இல்லாமல் இந்த மாற்றத்தைச் செய்யக் கூடாது. மாட்டச் சொல்லும் நண்பர்களில் எத்தனை பேர் இதைச் சேர்த்துச் சொல்கிறார்கள்?

மிச்சம் இருப்பது ஸ்டார்ட்டிங். மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் வண்டியில் கிண்ணத்துப் பெட்ரோல் காற்றோடு போய்விடும், பேட்டரி இறங்கும்வரை செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கும். இங்கே எலக்ட்ரிக் பம்புக்கு நிஜமாகவே அனுகூலம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பழைய பம்புகள் பலவற்றின் அடியில் கையால் அடிக்க ஒரு சின்ன நெம்புகோல் இருப்பதை முதலில் குனிந்து பாருங்கள். அடித்தும் பிடிமானம் தெரியவில்லை என்றால் கேம் மேட்டில் நிற்கிறது என்று அர்த்தம். இன்ஜினைக் கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடி அடித்தால் கிண்ணம் நிரம்புவது கையிலேயே தெரியும்.

அதுவும் வேண்டாம், எலக்ட்ரிக்தான் என்பவர்கள் பழைய பம்பை ‘இருந்துட்டுப் போகட்டும்’ என்று அதே லைனில் விட்டுவைக்க வேண்டாம். அதன் டயாஃப்ரம் கிழிந்தால், பின்னாலிருந்து வரும் அழுத்தத்தில் பெட்ரோல் நேராக இன்ஜின் ஆயிலில் கலக்கும். பழைய பம்பைக் கழற்றி அந்த இடத்தைத் தகடு வைத்து மூடிவிட்டு, புதிதை டேங்க் பக்கத்தில் மாட்டுங்கள். ஏற்கெனவே இரண்டும் ஒரே லைனில் இருந்தால், வண்டியை எடுக்கும் முன் ஆயில் கேஜை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் இன்ஜினைத் தொடாதீர்கள்.