ஒரே தெரு, இரண்டு சட்டம்: நீச்சல் குள வேலியில் ஏன் இந்த வித்தியாசம்?

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரையில் கூலங்கட்டா, ட்வீட் ஹெட்ஸ் என்று இரண்டு ஊர்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே ஓடும் பவுண்டரி தெருதான் எல்லை. ஒரு பக்கம் குயின்ஸ்லாந்து மாநிலம், எதிர்ப்பக்கம் நியூ சவுத் வேல்ஸ். கோடைக்காலத்தில் தெருவைக் கடந்தால் கடிகாரமே ஒரு மணி நேரம் மாறிவிடும். வீட்டு நீச்சல் குளத்துக்கு வேலி போடும் சட்டமும் அங்கே மாறுகிறது. ஒரு மணி நேர வித்தியாசத்தைச் சமாளித்துவிடலாம். வேலி விஷயம் அப்படியில்லை, அதில் இருப்பது குழந்தைகளின் உயிர்.

வேலி எதற்கு?

‘நம்ம வீட்லதான் சின்னப் பசங்களே இல்லையே, வேலி எதுக்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் பக்கத்து வீட்டில் குழந்தை இருக்கலாம், விருந்தாளியோடு வரலாம். ஆஸ்திரேலியாவில் 1 முதல் 4 வயது வரையிலான குழந்தைகளின் உயிரைப் பறிக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று, நீரில் மூழ்குவது. சினிமாவில் வருவதுபோல அந்தக் குழந்தை கையை ஆட்டிக் கத்தாது. சத்தமே இல்லாமல், ஓரிரு நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். பெரியவர்களின் கவனம் சிதறும் அந்த நேரத்தில் குழந்தையைத் தடுத்து நிறுத்துவதுதான் வேலியின் வேலை.

விதி என்ன சொல்கிறது?

தண்ணீர் 30 செ.மீ. ஆழத்துக்கு மேல் நிற்கக்கூடிய குளம் என்றாலே, இரண்டு மாநிலங்களிலும் சட்டத்துக்குள் வந்துவிடும். கடையில் வாங்கிக் காற்றடிக்கும் குளமும் இதில் சேர்த்திதான். புதிய குளங்களுக்கான அளவுகள் பெரும்பாலும் ஒன்றே.

* வேலியின் உயரம் குறைந்தது 1.2 மீட்டர். பக்கத்து வீட்டோடு பகிரும் மதிலே வேலியாக இருந்தால் 1.8 மீட்டர்.
* கம்பிகளுக்கு இடையிலும் வேலிக்கு அடியிலும் 10 செ.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது.
* வேலியை ஒட்டி 90 செ.மீ.க்குள் நாற்காலி, பூந்தொட்டி, மரக்கிளை என ஏறுவதற்கு வாகாக எதுவும் இருக்கக் கூடாது.
* கதவு குளத்துக்கு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். கையை எடுத்ததும் தானாகச் சாத்தி, தானாகத் தாழிட்டுக்கொள்ள வேண்டும்.

எங்கே பிரிகிறது பாதை?

சிக்கல் பழைய குளங்களில்தான். குயின்ஸ்லாந்தில் ஒரு காலத்தில் 11 வெவ்வேறு விதிகள் இருந்தன. 2010 டிசம்பரில் அவற்றைத் தூக்கிவிட்டு ஒரே விதியைக் கொண்டுவந்தார்கள். எந்த வருஷம் கட்டிய குளமாக இருந்தாலும் 2015 நவம்பர் 30-க்குள் அந்த விதிக்கு மாறியாக வேண்டும் என்று கெடு வைத்தார்கள்.

நியூ சவுத் வேல்ஸில் கதை வேறு. 1990 ஆகஸ்ட் 1-க்கு முன் கட்டிய குளமென்றால், வீட்டுக்கும் குளத்துக்கும் நடுவே தனி வேலி கட்டாயமில்லை. குளத்தை நோக்கிய கதவு, ஜன்னல்களைக் குழந்தைகள் திறக்க முடியாதபடி வைத்திருந்தால் போதும். விக்டோரியா மாநிலத்திலும் குளம் கட்டப்பட்ட தேதியைப் பொறுத்து மூன்று விதமான விதிகள் உள்ளன.

பழைய குளத்துக்காரர்கள் சொல்லும் நியாயத்தையும் தள்ளிவிட முடியாது. அன்றைய சட்டப்படி அனுமதி வாங்கிக் கட்டியவர்கள் அவர்கள். ‘இப்ப வந்து மறுபடியும் செலவு பண்ணுன்னா எப்படி?’ என்ற கேள்வியில் அர்த்தம் இருக்கிறது. அந்தச் செலவுக்குப் பதில், குயின்ஸ்லாந்து கொடுத்த ஐந்து வருட அவகாசம். ஒரேயடியாகச் சுமத்தாமல், தேதி சொல்லி நேரம் கொடுத்தால் மாற்றம் சாத்தியம் என்பதை அந்த மாநிலம் காட்டியிருக்கிறது. நடக்கப் பழகும் குழந்தைக்கு 1989-இல் கட்டிய குளமும் ஒன்றுதான், போன மாதம் கட்டிய குளமும் ஒன்றுதான். சட்டம் மட்டும் இரண்டையும் வேறுபடுத்திப் பார்ப்பது சரியல்ல. வயதைக் காட்டித் தரும் சலுகைக்கு மற்ற மாநிலங்களும் ஒரு முடிவுத் தேதி குறிக்க வேண்டும்.

வாடகைக்குப் போகிறீர்களா?

வேலைக்காக சிட்னிக்கோ பிரிஸ்பேனுக்கோ குடிபெயரும் தமிழ்க் குடும்பங்கள் குளத்தோடு கூடிய வீட்டை வாடகைக்கு எடுப்பது உண்டு. அப்படிப்பட்ட வீட்டுக்கு, குளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். தனி வீட்டுக் குளத்துக்கு இந்தச் சான்றிதழ் குயின்ஸ்லாந்தில் 2 வருடமும், நியூ சவுத் வேல்ஸில் 3 வருடமும் செல்லும்.

காகிதம் கையில் இருக்கிறது என்று விட்டுவிடவும் வேண்டாம். கதவைப் பாதி திறந்து கையை விடுங்கள். தானாகச் சாத்தித் தாழ் விழவில்லை என்றால், குடியேறும் முன்பே சரிசெய்யச் சொல்லுங்கள். துணி உலர்த்தப் போகிறோம், பார்பெக்யூ செய்யப் போகிறோம் என்று கதவுக்குச் செங்கல் வைத்து முட்டுக்கொடுக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். அப்படிச் செய்வது சட்டப்படியும் குற்றம். கதவு திறந்து கிடந்தால், எந்த மாநிலத்துச் சட்டமும் உதவிக்கு வராது. எல்லாம் சரியாக இருந்தாலும், தண்ணீருக்குப் பக்கத்தில் குழந்தை இருக்கும்வரை ஒரு பெரியவரின் கண் அங்கேயே இருக்க வேண்டும்.