வாயிலில் நிற்கும் இன்னியம்

மறைந்த யாழுக்கு நாம் செலுத்தும் மரியாதையிற் பத்திலொரு பங்கையேனும் வாழும் பறைக்குச் செலுத்துகின்றோமா? மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழ்ந்து கலை பயில்வோர் இவ்வினாவைத் தட்டிக்கழித்தல் தகாது. காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள், வழக்கொழிந்த யாழின் இலக்கணத்தைப் பல்லாண்டு ஆராய்ந்து, 1947 இல் ‘யாழ் நூல்’ தந்தார். அவர் பெயரால் விழா எடுக்கின்றோம்; சொற்பொழிவு ஆற்றுகின்றோம். ஆனால் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் கோயிற் சடங்குகளில் இன்றும் ஒலிக்கும் பறையும் உடுக்கும் பல்கலைக்கழகத்துள் எங்கே நிற்கின்றன? பெரும்பாலும் வாயிலிலேயே நிற்கின்றன.

வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில், 1990களின் பிற்பகுதியில், பேராசிரியர் சி. மௌனகுரு மாணவரைக் கொண்டு ‘இன்னியம்’ என்னும் வாத்திய அணியை உருவாக்கினார். விருந்தினரை மேனாட்டு ‘பாண்ட்’ இசைத்து அழைத்துவரும் வழக்கத்துக்கு மாற்றாகப் பறையும் மத்தளமும் உடுக்கும் சங்கும் முழங்கின; கூத்தின் உடையும் ஆட்டநடையும் உடன்வந்தன. சாவீட்டுக் கருவி என்று பறையையும், தாழ்ந்தோர் என்று அதனை இசைத்தோரையும் ஒதுக்கிய சமூகத்தில், பட்டப்படிப்பு மாணவர் அதனைத் தோளில் ஏந்தியமை சாதி மனத்துக்கு விடுத்த அறைகூவலேயாகும்.

“பாண்டின் ஒழுங்கும் மிடுக்கும் இதற்கு வருமா?” என வினவுவோர் உளர். அந்தப் பாண்டின் வரலாற்றை அவர்கள் அறிதல் வேண்டும். அதன் பெருமுரசும் கைத்தாளமும் 18 ஆம் நூற்றாண்டில் துருக்கியப் படையிசையிலிருந்து ஐரோப்பியப் படைகள் பெற்றவை. மிடுக்கு எந்தக் கருவியுடனும் பிறப்பதில்லை, பயிற்சியால் வருவது. முழவு, ஆகுளி, பாண்டில், தூம்பு, குழல் எனக் கூத்தர் சுமந்துசென்ற கருவிகளை மலைபடுகடாம் நிரல்படக் கூறுகின்றது. பல கருவிகளின் கூட்டிசைக்குப் ‘பல்லியம்’ என்ற சொல்லையே வைத்திருந்த மொழி நம்முடையது.

எனினும், பிறப்பு வேறு, வளர்ச்சி வேறு. நடந்துவரும் விருந்தினருக்கு மட்டும் முழங்கும் அணி, அவர் ஆசனத்தில் அமர்ந்ததும் ஓய்ந்துவிடுகின்றது. இசை முடிந்த பின்னரே சபை தொடங்குகின்றது! அமர்ந்து கேட்பார் இல்லாத இசைக்குப் புதிய தாளக்கட்டு எதற்கு? நுட்பம் எதற்கு? நான்காண்டில் மாணவர் வெளியேறுவர். அடுத்த அணியினர் அதே சில அடிகளை மீண்டும் பயில்வர். இவ்வாறு ஆண்டுகள் பல கடந்தாலும் அணியின் வயது கூடுமேயன்றி இசை வளராது. பறைமேளக் கூத்தில் பெரும்பறையும் தொட்டிமேளமும் சொர்ணாளியும் தம்முள் உரையாடும் நுட்பத்தை, வாயிலிலிருந்து மண்டபம் வரையுள்ள நடையில் எவ்வாறு கற்பது?

ஆகவே மூன்றினைக் கோருகின்றோம். வாத்தியப் பயிற்சிக்குப் பாடவேளையில் நிலையான இடம் வேண்டும். பரம்பரைக் கலைஞர் உரிய ஊதியத்துடன் ஆசிரியராக அமர்த்தப்படல் வேண்டும். சபையோர் அமர்ந்து கேட்கும் முழுநீள அரங்கு ஆண்டுதோறும் வேண்டும்.

“பட்டமில்லாதவர் பல்கலைக்கழகத்திற் கற்பிப்பதா?” என்று சிலர் முகஞ்சுளிப்பர். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துக்களை மேடையேற்றியபோது, மட்டக்களப்பு அண்ணாவிமாரின் ஆட்டமும் பாட்டுமே அவற்றுக்கு உயிராயின. அமெரிக்காவில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில், 1950களின் பிற்பகுதி முதல் மாணவர் ஜாவாவின் கமெலான் வாத்தியங்களைப் பயின்றனர். ஜாவாக் கலைஞரே அவர்களுக்குக் கற்பித்தனர். கடல்கடந்த கலைஞருக்கு அங்கே கதவு திறந்தது. வாவிகடந்த கலைஞருக்கு இங்கே திறவாதா?

பறையை ஏற்றுக்கொண்டு பறையடித்தவரை வெளியே நிறுத்துவது, தீண்டாமைக்குப் பட்டாடை போர்த்துவதாகும். கருவி கழகத்துள் வந்துவிட்டது. அதன் ஆசானும் வரட்டும். வாயிலில் முழங்கிய இன்னியம் இனி மண்டபத்தின் நடுவே முழங்கட்டும். அன்று விருந்தினரும் நம்மோடு அமர்ந்து கேட்கட்டும்.