கடைசியில் வந்தவனுக்கும் அதே கூலி

மதுரையில் விடிகாலை நேரத்தில் சில சந்திப்புகளைப் பார்த்திருப்பீர்கள். தூக்குவாளியோடு கொத்தனார்களும் சித்தாள்களும் காத்து நிற்பார்கள். வெயில் ஏறும் வரை யாரும் கூப்பிடவில்லை என்றால் அன்றைய பிழைப்பு போச்சு!

இதே காட்சி பைபிளிலும் உண்டு. மத்தேயு 20-ஆம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்டக்காரர், காலையில் வந்தவருக்கும் மாலை ஐந்து மணிக்கு வந்தவருக்கும் ஒரே கூலி கொடுக்கிறார். கத்தோலிக்க ஆலயங்களில் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை இது ஞாயிறு வாசகமாக வரும். கடைசி நேரத்தில் மனம் திரும்பினாலும் மோட்சம் உண்டு என்பதுதான் பெரும்பாலும் சொல்லப்படும் விளக்கம். சரிதான். ஆனால் அவ்வளவுதானா?

வணிகவியல் கணக்குப்படி பார்த்தால் தோட்டக்காரர் செய்தது நஷ்டம். ஆனால் அந்த ஒரு தெனாரியம் அன்றைக்கு ஒருநாள் கூலி. அரைநாள் வேலை கிடைத்தவன் வீட்டுப் பிள்ளைகளுக்கு அரைப்பசியா எடுக்கும்?

ஆங்கில எழுத்தாளர் ஜான் ரஸ்கின் 1860-இல் எழுதிய பொருளாதாரக் கட்டுரைகளுக்கு இந்த உவமையிலிருந்துதான் தலைப்பு எடுத்தார். 1904-இல் தென்னாப்பிரிக்காவில் ரயில் பயணத்தில் அதைப் படித்த காந்தி, தன் வாழ்க்கையையே மாற்றிக்கொண்டார். ஏழைகளைப் போல உடுத்துவது என்று 1921 செப்டம்பரில் அவர் முடிவெடுத்தது இதே மதுரையில்தான்.

தினமும் வேதம் வாசிப்பவர் வீடு கட்டும்போது, மழையால் பாதியில் வேலை நின்றாலும் சித்தாளுக்கு முழுக்கூலி கொடுத்துப் பார்க்கட்டும். அந்த வாசகத்துக்கு அதைவிட நல்ல விளக்கம் வேண்டுமா என்ன?